வாசிக்கத் திணறும் பிள்ளைக்குப் பள்ளியில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

தேனி மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடங்களில் என்னை ‘ஸ்பெஷல் டீச்சர்’ என்பார்கள். என்னைத் தேடி வரும் பெற்றோரில் பெரும்பாலோர் பிள்ளை ஒன்பதுக்கோ பத்துக்கோ வந்த பிறகுதான் வருகிறார்கள். “டீச்சர், பரீட்சையில ஏதோ சலுகை கிடைக்கும்னு சொன்னாங்க. அதுக்கு ஒரு சர்டிபிகேட் வேணுமாம்” என்பார்கள். அதற்கான வழியைச் சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் தேர்வு அறைக்குள் மட்டுமே உதவும். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த வருடங்களுக்கு அது ஒன்றும் செய்யாது. அந்த வருடங்களில் பிள்ளைக்கு உதவக் கூடியவர் வகுப்பாசிரியர். அவரிடம் உதவி கேட்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. இங்கே நான் எழுதுவது மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்காக. பிள்ளை பெரிய வகுப்புக்குப் போய்விட்டாலும் படியுங்கள், வழி அதேதான்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நிறுத்தி வைத்து எந்தப் பிள்ளைக்கும் வாசிப்பு வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வாசிக்கவே வராத பிள்ளை யார் கண்ணிலும் படாமல் ஒன்பது வரை வந்துவிடவும் இதில் இடம் இருக்கிறது. ஆகவே கவனிக்கிற வேலையை வீட்டில்தான் தொடங்க வேண்டும்.

முதலில் எதைப் பார்ப்பது

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்லும். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வேறு பிள்ளையாகிவிடும்.

தமிழ் வாசிப்பில் இந்தச் சிரமம் எப்படித் தெரியும் என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ‘க’. கண்ணில் படும் வரிசை வேறு, வாயில் வரும் வரிசை வேறு. இந்தப் பிள்ளைகள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றும் அவர்களுக்கு ஒன்றுபோலவே இருக்கும். குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும். ‘பட்டம்’ எழுதச் சொன்னால் புள்ளிகள் எல்லாம் காணாமல் போய் ‘படடம’ என்று நிற்கும். ‘மரம்’ என்பதை ம, ர, ம் என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல்லச் சொன்னால் முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ‘மாடு’ என்று ஊகிக்கும். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது இடம் தவறும்.

ன-ண, ல-ள-ழ, ர-ற குழப்பம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது பட்டம் வாங்கியவர்களுக்கும் இருக்கிறது. ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவதும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். எட்டு வயதாகியும், சொல்லிக்கொடுத்தும், மேலே சொன்னவற்றில் பல சேர்ந்து மாறாமல் நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை இன்னும் உற்றுப் பாருங்கள். பையன்கள் வகுப்பில் சேட்டை செய்து மாட்டிக்கொள்வார்கள். பல பெண் பிள்ளைகள் தோழி வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்தாள். விரலை எங்கே வைத்திருக்கிறாள் என்று குனிந்து பார்த்தேன். வாயில் வந்த சொல்லுக்கும் விரல் இருந்த சொல்லுக்கும் இரண்டு வரி தூரம் இருந்தது. வீட்டில் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை, பழைய சிறுவர் மலரில் இருந்தாவது எடுத்து, வாசிக்கச் சொல்லுங்கள்.

பார்த்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பரீட்சைத் தாள்கள், கட்டுரை நோட்டில் சில பக்கங்கள் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். “சரியா படிக்க மாட்டேங்கிறான்” என்று சொன்னால் பள்ளியில் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஜூன் மாதத் தாளையும் டிசம்பர் மாதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாராலும் அப்படி அனுப்ப முடியாது.

அடுத்த வேலை கண்ணும் காதும். இதை முடிக்காமல் வேறு எதற்கும் போகாதீர்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால், காதில் சீழ் வடிந்து பாதி கேட்காமல் போனால், அதுவும் வெளியே கற்றல் குறைபாடு போலத்தான் தெரியும். அரசுப் பள்ளியாக இருந்தால் நடமாடும் பள்ளி மருத்துவக் குழு வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள். அந்தக் குழு பரிந்துரைத்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்தில் மேல் பரிசோதனை இலவசம்.

வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டியவை

பெற்றோர் செய்வது என்னவென்றால், நேராகப் போய் “கொஞ்சம் நல்லா கவனிச்சுக்கோங்க மிஸ்” என்பார்கள். அவரும் “கவனிக்கிறேன்” என்பார். இருவருக்கும் நல்ல மனம்தான். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் திங்கள்கிழமை காலை ‘கவனிப்பது’ என்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. அவரால் இன்றே செய்ய முடிகிற, செய்தாரா இல்லையா என்று பார்க்க முடிகிற சின்னக் காரியங்களைக் கேளுங்கள். நான் பெற்றோருக்கு எழுதித் தருபவை இவை:

எழுந்து நின்று சத்தமாக வாசிக்கும்படி முன்கூட்டிச் சொல்லாமல் கூப்பிட வேண்டாம். வாசித்தே ஆக வேண்டுமென்றால் எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லிவிடட்டும், வீட்டில் பழகி வரும். என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வகுப்பு சிரித்ததற்குப் பிறகு வாயே திறக்காமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்காவிட்டால் திட்டாமல், பக்கத்துப் பிள்ளையின் நோட்டை ஜெராக்ஸ் எடுக்கவோ படம் பிடிக்கவோ விடட்டும்.

தப்பாக எழுதிய சொல்லை ஐம்பது தடவை எழுதச் சொல்லும் இம்போசிஷன் வேண்டாம். இந்தப் பிள்ளை ஐம்பது தடவையும் ஐம்பது விதமாக எழுதும். தப்பு இன்னும் ஆழமாகப் பதியும். அதற்குப் பதில் அந்த ஒரு சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துச் சொல்லி, இரண்டு தடவை எழுதினால் போதும்.

அறிவியல், சமூக அறிவியல் சிலிப் டெஸ்ட்டில் கேள்வியைப் படித்துக் காட்டி, பதிலை வாயால் கேட்கட்டும். எழுதியே ஆக வேண்டிய தேர்வுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். எழுத்துப் பிழைக்கு மொழிப்பாடம் தவிர வேறு எதிலும் மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

வீட்டுப்பாடத்தில் பத்துக் கணக்கு ஒரே மாதிரி இருந்தால் ஐந்து போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய், செய்தது எப்படிப் போகிறது என்று விசாரியுங்கள். நன்றாகப் போனால் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். தொழில் பேச்சாக இல்லாமல் மனதாரச் சொல்கிறேன்: பெரும்பாலான வகுப்பாசிரியர்கள் செய்வார்கள். யாரும் அவர்களிடம் திட்டவட்டமாகக் கேட்டதில்லை என்பதே பிரச்சினை.

இந்த நேரத்தில் டியூஷனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பகலெல்லாம் எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த பிள்ளையைச் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை மறுபடியும் அதே புத்தகத்தின் முன்னால் உட்கார வைக்காதீர்கள். நினைவாற்றல் லேகியம், மூளை மாத்திரை எதுவும் இதற்கு மருந்தல்ல. அந்தக் காசில் ஒரு வேளை நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். வீட்டில் தினம் பதினைந்து நிமிடம் உங்கள் மடியில் புத்தகத்தை வைத்து நீங்கள் ஒரு வரி, அது ஒரு வரி என்று வாசிப்பது பல மணி நேர டியூஷனைவிட மேல்.

எழுதிக் கொடுங்கள்

வாய்ப்பேச்சு அந்த ஆசிரியர் மாறுதலாகிப் போனதும் போய்விடும். எனவே தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் பள்ளியில் முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

“ஐயா/அம்மா, வணக்கம். என் மகன் தங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கிறான். பாடங்களைக் காதால் கேட்டு நன்றாகப் புரிந்துகொள்கிறான். வாசிப்பதிலும் எழுதுவதிலும் அவனுக்குக் கடுமையான சிரமம் இருக்கிறது. அவனுடைய நோட்டு, விடைத்தாள் நகல்களை இணைத்துள்ளேன். கண், காது பரிசோதனை முடிந்தது, குறை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவுகள் 16, 17 ஆகியவற்றின் அடிப்படையில் கீழ்க்கண்ட உதவிகளை வகுப்பறையில் செய்து தருமாறும், சிறப்புப் பயிற்றுநரின் மதிப்பீட்டுக்கு அவனைப் பரிந்துரைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கீழே நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று உதவிகளை எழுதுங்கள். அவ்வளவு போதும். அழுகையும் கோபமும் கடிதத்தில் வேண்டாம்.

சட்டப் பிரிவை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், அந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இருக்கின்றன. கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவு பள்ளிகளுக்கே சொல்கிறது. அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற மெட்ரிக் பள்ளிக்கும் அது பொருந்தும். தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவை 17ஆம் பிரிவில் இருக்கின்றன. குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் குறையாது என்ற சான்று இல்லையே என்று யாராவது மறுத்தால், 2021இல் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் சொன்னதை எடுத்துச் சொல்லலாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வர் எழுதித் தர ஆள் கேட்டார். நாற்பது சதவீத வரம்பைக் காட்டி அதை மறுக்க முடியாது என்பது தீர்ப்பு.

சிறப்புப் பயிற்றுநர் என்ன செய்வார், என்ன செய்ய முடியாது

அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் வட்டார வள மையத்துக்குத் தெரிவித்ததும் என்னைப் போன்ற ஒருவர் வந்து பிள்ளையைப் பார்ப்பார். எமிஸ் எனப்படும் கல்வித்துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் பிள்ளையின் பெயருக்கு நேரே சிறப்புத் தேவை பதிவாகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சிலர் “பேர் கெட்டுப்போயிரும், நாளைக்குக் கல்யாணத்துல கேப்பாங்க” என்று பதிவே வேண்டாம் என்கிறார்கள், பெண் பிள்ளையென்றால் இன்னும் அதிகமாக. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதிவு இல்லாத பிள்ளைக்கு உதவி ஒதுக்க எங்களுக்கு வழியில்லை.

எங்கள் கைக்கு எட்டாததையும் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலையில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2022இல் மத்திய அரசு விகிதம் வகுத்தது. நடைமுறையில் எங்களில் ஒருவர் பல பள்ளிகளுக்கு பஸ் ஏறிப் போகிறோம். உங்கள் பிள்ளையோடு நான் உட்காரும் நேரம் வாரத்தில் மிகக் கொஞ்சம். அதனால்தான் வகுப்பாசிரியர் தினமும் செய்வதையே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நான் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்கு நீங்களும் பள்ளிக்கு வந்துவிடுங்கள். அடுத்த முறை வரும்வரை வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நேரில் காட்டித் தர முடியும்.

சான்றிதழும் தேர்வும்

எட்டு வயது தாண்டியும் சிரமம் நீடித்தால் சான்றிதழுக்கு முயலுங்கள். ஆண்டுதோறும் வட்டாரத்தில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் ஒரு வழி. கற்றல் குறைபாட்டுக்கு முகாமில் அன்றே முடிவு கிடைப்பது அரிது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துக்கு அது க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மருத்துவரும் உளவியலாளரும் பார்ப்பார்கள். அறிவுத்திறன் சோதனையும், வாசிப்பு-எழுத்து-கணக்குச் சோதனையும் நடக்கும். ஒரே அமர்வில் முடியாமல் மறுபடி வரச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குப் பிள்ளை நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு வர வேண்டும். பள்ளியில் எந்த மொழி வழியில் படிக்கிறது, வீட்டில் என்ன மொழி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சேர்த்து வைத்த ஃபைல் இங்கேயும் உதவும்.

யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று கொண்டுபோங்கள். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வையுங்கள். எட்டு, பத்து வயதில் வாங்கும் சான்று நிரந்தரமல்ல, பதினான்கு வயது வாக்கில் மறு மதிப்பீடு இருக்கும். இது பத்தாம் வகுப்புக்கு முந்தைய காலம் என்பதால் காலாவதித் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளில் விலக்கு ஆகியவை கேட்கலாம். விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கும் அங்கிருந்து அரசுத் தேர்வுகள் துறைக்கும் போகும். பத்தாம் வகுப்பு தொடங்கும் ஜூன், ஜூலையிலேயே கொடுத்துவிடுங்கள். ஆணை கைக்கு வரும்வரை பள்ளி அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டே இருங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் சலுகை உண்டு, அதற்கும் பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும்.

யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. எழுதித் தர ஆள் கிடைத்ததும் மதிப்பெண் வந்துவிடாது. சொல்லி எழுத வைப்பது தனி வித்தை. போன வருடம் வரை பேனாவையே பிடித்திருந்த பிள்ளை, முன்பின் தெரியாத ஓர் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து முழு விடையையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். “கேள்வி எண் இருபத்தெட்டு. தலைப்பு போட்டுக் கோடு போடுங்க. புதுப் பத்தி” என்று அதற்குச் சொல்லத் தெரிய வேண்டும். கணக்கில் பின்னக் கோட்டுக்கு மேலே என்ன, கீழே என்ன, அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டக் கேட்கும் தைரியமும் வேண்டும். இதெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பழக வேண்டியவை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலும் எழுதித் தர ஆள் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வீட்டில் அக்காவோ சித்தப்பாவோ பேனா பிடிக்க, பிள்ளை சொல்லட்டும். மினி லாரி ஓட்டும் அப்பா ஒருவர், வண்டியில் போகும்போது மகனிடம் கேள்வி கேட்டுப் பதிலைச் சொல்ல வைத்தே பழக்கினார். பையன் தேர்வறையில் திணறவே இல்லை.

மறுத்தால்

“உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் சரிப்படாது, டி.சி. வாங்கிக்கங்க” என்று சொல்லும் தனியார் பள்ளிகள் இருக்கின்றன. நீங்களாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்து டி.சி. வாங்காதீர்கள். எழுதித் தரச் சொல்லி வற்புறுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்கிறது. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் அதே சட்டத்தில் தடை.

முதலில் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். தனியார் பள்ளிகளுக்குத் தனி அலுவலர் இருக்கிறார். அரசுத் தொடக்கப் பள்ளியென்றால் வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்பதும் பலன் தரும், அங்கே பேசியது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். அதற்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டம், கடைசியாகச் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். கல்வித்துறை உதவி எண் 14417. ஒவ்வொரு இடத்திலும் முத்திரை வாங்கிய முதல் கடிதத்தின் நகலை இணையுங்கள்.

பள்ளி மாறும்போது

ஐந்து முடித்து ஆறுக்கும், எட்டு முடித்து ஒன்பதுக்கும் பல பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போகிறார்கள். எமிஸ் பதிவு கூடவே போகும். ஆனால் வாசிக்கச் சொன்னால் வியர்க்கும், படம் வரைந்து விளக்கினால் உடனே பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் எந்தத் தளத்திலும் இருக்காது. பழைய வகுப்பாசிரியரிடம் ஏப்ரல் மாதமே கேட்டு, என்னென்ன உதவி செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி வாங்கி வையுங்கள். புதுப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஆறேழு பாட ஆசிரியர்கள் வருவார்கள். அந்தப் பக்கத்தை அத்தனை ஜெராக்ஸ் எடுத்து, ஜூன் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவர் கையிலும் நீங்களே கொடுங்கள், கணக்கு ஆசிரியர் உட்பட.